நடுவில் வைத்த மீன்தொட்டி

கனடாவில் எங்கள் வீட்டுத் தரை நடக்கும்போது அசைகிறது. வந்து பதினொரு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. நான் முன் ஹோலைக் கடந்தால் அலுமாரிக்குள் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுக்கும். ஊரில், கடலோரப் பேசாலையில், எங்கள் வீட்டுத் தரை, மணலுக்கு மேல் பூசிய சீமெந்து. அதன்மேல் உயிலங்குளத்து நெல்மூட்டைகளை அடுக்கினோம், படகு என்ஜினைக் கழற்றிப் போட்டோம், தம்பியின் கலியாணத்துக்கு ஊரே வந்து நின்றது. எவ்வளவு தாங்குவாய் என்று அந்தத் தரையிடம் யாரும் கேட்டதில்லை.

போன பனிக்காலத்தில் நாலடி நீள மீன்தொட்டி ஒன்று வாங்கினேன். கடலைப் பார்க்காமல் எனக்கு ஒருவித அந்தரம், தவிப்பு. அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை. ஹோலின் நட்டநடுவில் மேசையைப் போட்டு, தொட்டியை ஏற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். ஏன் நடுவில் என்று யோசிக்கவே இல்லை. ஐஸ் பெட்டியையும் வலையையும் படகின் நடுவில் ஏற்றித்தான் பதினேழு வயதிலிருந்து பழக்கம். பாரம் ஒரு பக்கம் போனால் கடல் உள்ளே வந்துவிடும்.

முக்கால்வாசி நிரம்பியபோது மனைவி மெற்றில்டா பேஸ்மன்டிலிருந்து ஏறி வந்தாள்.

"இஞ்சருங்கோ, கீழ சீலிங்கில வெடிப்பு ஒண்டு தெரியுது. அதுக்கு நேர கீழதான் பிள்ளையின்ர கட்டில்."

இறங்கிப் பார்த்தேன். மெல்லிய கோடு. முன்பே இருந்ததா, இப்போது வந்ததா, தெரியவில்லை. ஒன்பது வயது மகள் ஜெனிற்றா கட்டிலில் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடி வந்தேன். மேலேதானே அந்தப் பாரமே இருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது. குளிர்க்கோட்டைப் போட்டுவிட்டு அவளை வாசலுக்கு வெளியே பனியில் நிறுத்தினேன். மெற்றில்டா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தச்சுவேலை செய்பவர். கூப்பிட்டதும் வந்து, கீழே போய்த் தட்டிப் பார்த்தார். பலகைக்கு அடியில் சுவருக்குச் சுவர் வரிசையாக மரங்கள் ஓடுகின்றனவாம். ஜொயிஸ்ட் என்றார். சுவரோரத்தில் பலம், நடுவில்தான் வளையும் என்றார்.

"ஏன் நடுவில் வைத்தீர்கள்?"

"சரியாமல் இருக்க," என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"வீடு எங்கே சரியப்போகிறது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்ணீரை இறைத்துவிட்டு, தொட்டியை வெளிச்சுவரோரமாக, பல மரங்கள் சேர்ந்து சுமக்கும்படி அவற்றுக்குக் குறுக்காக வைத்தோம். வெடிப்பு பழையது, பூச்சில் மட்டும்தான் என்றார் அவர். புரிந்தது, நம்பத்தான் முடியவில்லை. ஒரு மாதம் மகளை எங்கள் அறையில் படுக்கவைத்தேன். நானும் ஹோலில் சுவரோரமாகவே நடக்கப் பழகிவிட்டேன்.

ஆவணியில் மடுக் கோவில் திருவிழாவுக்காக ஊருக்குப் போனோம். ஒரு காலை தம்பி என்னையும் ஜெனிற்றாவையும் படகில் ஏற்றிக்கொண்டு போனான். நான் ஏறியதும் போய் விளிம்போரமாக இருந்தேன்.

"அண்ணை, ஏன் ஓரத்தில இருக்கிறியள்? நடுவுக்கு வாங்கோ, படகு சரியுது."

"ஓம், வாறன்," என்றேன். கால் போகவில்லை. ஜெனிற்றா எழுந்து நடுவில் போய் இருந்துகொண்டாள். "அப்பா, வாங்கோ." நான் அவளுக்குக் கீழே இருந்த பலகையைப் பார்த்தேன், வளைகிறதா என்று. பத்து வருடம் நானே நின்று வலை இழுத்த பலகை. ஒரு கையால் விளிம்பை இறுக்கிப் பிடித்து, மற்றக் கையை அவள் பக்கம் நீட்டியபடி, பாதி எழும்பின நிலையிலேயே கரை வரும்வரை நின்றேன்.