செடியிலேயே பழுத்த கத்தரிக்காய்

எங்கள் ஊரில் கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுத்து நின்றால், அந்த வீட்டில் ஏதோ கேடு என்று அர்த்தம். சாவு விழுந்திருக்கும், இல்லையென்றால் வீட்டுப் பொம்பளை கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருப்பாள். காயைப் பதம் பார்த்துப் பறித்து, விடிவதற்குள் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கூடை ஏற்றிவிடுகிற ஊர் இது. காயை முற்றவிட்டவளை யாரும் திட்ட மாட்டார்கள். "ஐயோ பாவம்" என்பார்கள். அதற்குத் திட்டே மேல்.

அந்த வருஷம் என் காய்கறிக் கொல்லை முழுக்கக் கத்தரிக்காய் மஞ்சள் மஞ்சளாகத் தொங்கியது. பக்கத்தில் வெண்டைக்காய் செடியிலேயே காய்ந்து விறைத்து நின்றது. கொல்லையாவது எங்கேயாவது மூலையில் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் போகிற பஸ் ரோட்டின் மேலேயே இருந்தது. ஒருநாள் அதே பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"யார் வூட்டுக் கொல்ல இது? வூட்ல பொம்பள இல்லியா இன்னா?"

"இருந்தா இப்டி வுட்டிருப்பாளா? த்சொ, த்சொ."

எனக்கு வாய் சும்மா இருக்காது. கண்டக்டர் சில்லறை பாக்கி வைத்தால் பஸ்ஸையே நிறுத்திச் சண்டை போடுகிறவள் நான். அன்றைக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அந்தக் காயையெல்லாம் விதைக்காக விட்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். எங்கள் நிலமும் அவர் அண்ணன் நிலமும் ஒரே துண்டு, நடுவில் ஒரு வரப்புதான். சுற்றிலும் பிளாட் போட்டுக் கல் நட்டுக்கொண்டிருந்த சமயம். ரோட்டு மேல் நிலம், இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நல்ல விலை என்று புரோக்கர் நடையாய் நடந்தார். அண்ணன், அதாவது என் மூத்தார், சரி என்றுவிட்டார். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டிவிட்டார். நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். "இந்த ஒரு மகசூல் மட்டும் பொறுங்க. இதுல ஒண்ணும் தேறலன்னா எங்க காட்டுறீங்களோ அங்க கையெழுத்து போடறோம்" என்று மூத்தாரிடம் நேராகவே சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தாலும் ஒப்புக்கொண்டார்.

அப்படி நான் வாய்விட்டதற்குக் காரணம், தாம்பரத்தைத் தாண்டி இருந்த ஒரு பண்ணை. மருந்தும் உரமும் போடாமல் காய்கறி விதை எடுக்க அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். விதை நன்றாக இருந்தால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். வகுப்பு எடுத்த மேடத்துக்கு என் வயசுதான் இருக்கும். முதல் நாளே மானம் போயிற்று. "உங்க வீட்ல எந்தக் காய விதைக்கு விடுவீங்க?" என்று அவர் கேட்டதும், முந்திரிக்கொட்டை மாதிரி நான் எழுந்தேன். "நல்ல காய் எல்லாம் மார்க்கெட்டுக்குப் போயிடும் மேடம். கடைசியில சொத்தையும் கோணலுமா நிக்குமில்ல, அதுல எடுத்துக்குவோம்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கோணல்ல எடுத்தா கோணல்தானே காய்க்கும்? நல்ல செடியா பார்த்து, அதுல மொதல்ல வர்ற நல்ல காய விதைக்கு விடணும். மிச்சம்தான் மார்க்கெட்டுக்கு."

கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. முதல் காய்ப்புக்குத்தான் மார்க்கெட்டில் மவுசு. அதை விற்காமல் தொங்கவிட்டு வேடிக்கை பார்ப்பதா? ஆனாலும் செய்தேன். வேறு ரகத்துச் செடி ஒன்று தலைகாட்டினாலும், ரகம் கலந்துவிடாமல், பூ விடுவதற்குள் பிடுங்கினேன். வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்துத் தெளித்தேன். நல்ல காயை எல்லாம் பார்த்துப் பார்த்து, பறிக்காமல் விட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்றால், எங்கள் பக்கம் விதையை விற்க மாட்டார்கள். ஒருத்தி வந்து "பீர்க்கன் விதை கொஞ்சம் குடுக்கா" என்று முந்தானையை விரித்தால் ஒரு பிடி போட வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் காசு கேட்பது குடிக்கிற தண்ணீருக்குக் காசு கேட்பது மாதிரி. அப்போது எங்கள் ஊரில் தண்ணீரையும் யாரும் விற்கவில்லை. விதையை விற்கிறவள் என்று பேர் எடுக்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லி, வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தேன்.

மூத்தாரின் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் கொல்லை, வீட்டு வாசலைப் போலச் சுத்தமாக இருக்கும். என் கொல்லை இப்படிக் கிடப்பதைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, கேட்கிறவர்களிடம் எல்லாம் அவளாகவே ஒன்றைச் சொல்லிவிட்டாள். "அவளுக்கு இடுப்பு புடிச்சிகிச்சி, பாவம். குனிஞ்சு பறிக்க முடியல." இது என் காதுக்கு வந்ததும் நான் என்ன செய்தேன்? உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெருவில் நடக்கும்போது இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தேன்.

காய் நன்றாகப் பழுத்து நின்ற சமயத்தில், அக்காவின் மகளைப் பெண் பார்க்கக் கீழ்க்கட்டளையிலிருந்து வருவதாக ஏற்பாடு ஆயிற்று. நல்ல இடம். அக்கா நாலு நாளாகத் தரையில் நிற்கவில்லை. அன்றைக்குக் காலையில், மத்தியானத்துக்குள் வந்து கேசரி கிண்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் ஒரு பழத்தின் விதையை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். மேடம் விதையை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. நாளைக்கு நானே வந்து பாக்கறேன். காய் செடியில இருக்கும்போது பார்த்தாதான் நாங்க எடுப்போம். சரியா இருந்தா அடுத்த விதைப்புப் பட்டத்துக்கும் ஆர்டர் உங்களுக்குத்தான்."

அடுத்த பட்டத்துக்கும் ஆர்டர் என்றால் நிலம் தப்பித்தது. பஸ்ஸில் எனக்கு உட்காரவே முடியவில்லை.

எங்கள் ஸ்டாப்புக்கு முன்னாலேயே கொல்லை கண்ணில் பட்டது. பச்சைப்பசேல் என்று இருந்தது. ஒரு மஞ்சள் இல்லை. காய்ந்த வெண்டை ஒன்று இல்லை. செடிக்கடியில் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பாய்ச்சி, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்தக் கணத்தில் என் மனதில் முதலில் வந்தது என்ன என்று சொல்லவே கூசுகிறது. அப்பாடா என்றிருந்தது. பஸ்ஸில் ஒருவரும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. என் கொல்லையும் நாலு பேர் கொல்லை மாதிரி ஆகிவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிக் காலைக் கீழே வைத்த பிறகுதான், போனது என் விதை என்று உறைத்தது.

அக்கா தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வெண்டையின் சுணை பட்டு இரண்டு கையும் தடித்துச் சிவந்திருந்தது.

"இன்னா, கொல்ல இப்ப அழகா கீதுல்ல? உனக்குத்தான் முடியலியே, வர்றவங்க இதத் தாண்டித்தானே வரணும்னு நானே பறிச்சிட்டேன். வெண்டைய மாட்டுக்குப் போட்டேன். கத்தரிய எருக்குழியில கொட்டிட்டேன்" என்றாள் சிரித்துக்கொண்டே.

"யாரைக் கேட்டு என் கொல்லையில கைய வெச்ச?" என்று கத்தினேன். நல்ல நாள், பெண்ணைப் பெற்றவள் என்று எதுவும் பார்க்கவில்லை. "உன் பொண்ணுக்கு மாப்பிள்ள வரணும்னா என் வயித்துல அடிப்பியா நீ?"

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. "முத்திப்போன காய்தானேம்மா..."

"அது விதை! விதைக்கு வுட்டது! அத விக்கறதா இருந்தேன்!"

விதையையா விற்கிறாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டு, விடுவிடுவென்று நடந்து எருக்குழிக்குள் இறங்கிவிட்டாள்.

நானும் இறங்கினேன். சாணத்துக்கும் குப்பைக்கும் நடுவில் மஞ்சள் காயாகப் பார்த்துப் பொறுக்கி மேலே போட்டுக்கொண்டிருந்தோம். பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் அக்கா கை கால் கழுவிக்கொண்டு போயிருப்பாள். ராகுகாலத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். எருக்குழி ரோட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில்தான் இருந்தது.

பையனின் அம்மா குழி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா தேடறீங்க?"

எனக்கு வாய் முந்திக்கொண்டது. "கம்மலுங்க. என் கம்மல் வுழுந்துடுச்சி."

இதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர்கள் வீட்டுக்குள் போயிருப்பார்கள். தங்கம் என்றால் யார் போவார்கள்? நல்ல மனிதர்கள் வேறு. பையனின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். மாப்பிள்ளைப் பையன் வெள்ளைப் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு குச்சியால் கிளறினான். கூட வந்த ஒரு அம்மா மட்டும் மேலேயே நின்று, "நல்ல காரியத்துக்கு வர்ற அன்னிக்கா வூட்ல தங்கம் தொலையணும்" என்று முணுமுணுத்தார்.

அக்காவுக்கு அது கேட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பெண் பார்க்க வருகிற நாளில் தங்கம் தொலைந்தால் என்ன சகுனம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மாட்டேன் என்று குனிந்துகொண்டு, இல்லாத கம்மலை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். சீ!

"ஏம்மா, உன் காதுல ரெண்டும் கீதே?" என்றார் பையனின் அம்மா.

தன்னால் என் கை காதுக்குப் போயிற்று. இரண்டும் இருந்தன. மாப்பிள்ளைப் பையன் குச்சியைக் கீழே போட்டான். எருக்குழி என்னை அப்படியே விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"கம்மல் இல்லீங்க" என்றாள் அக்கா. முழங்கை வரைக்கும் சாணம், பட்டுப்புடவையின் ஜரிகையெல்லாம் சாணம். "விதைக்கு வுட்ட கத்தரிக்கா. நாந்தான் தெரியாத்தனமா கொட்டிட்டேன். இவ கூச்சப்பட்டுகினு எதையோ சொல்லிட்டா."

"விதைக்கா இம்மாம் காயி?"

"ஆமாங்க. விதை விக்கறோம்."

"விக்கறீங்களா? காசுக்கா?"

"காசுக்குத்தாங்க" என்றாள் அக்கா, கொஞ்சமும் தயங்காமல்.

விக்கறோம் என்றாள். அவளுக்குத் தெரிந்தே கால் மணி நேரம் ஆகியிருக்காது.

அவர்கள் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கேசரி கிண்டவில்லை. கடையில் வாங்கிய மிக்சரை வைத்தோம். பெண்ணைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். கீழ்க்கட்டளையிலிருந்து எந்தச் சேதியும் வரவில்லை. மூத்தார் ஒருமுறை போய் விசாரித்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அங்கே என்ன சொன்னார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

மேடம் சொன்னபடி மறுநாள் வந்தார். செடியில் காய் இல்லாததைப் பார்த்து முகம் மாறிற்று. என்ன நடந்தது என்று சொன்னோம். பொறுக்கி வைத்திருந்த பழங்களில் சிலவற்றை அறுத்துப் பார்த்து, விதை முற்றியிருக்கிறது என்றார். அவர் கண்ணெதிரிலேயே பழத்தைப் பிசைந்து, வாளித் தண்ணீரில் போட்டு, மிதந்ததைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய விதையை நிழலில் பரப்பினோம். எனக்குச் சமமாக அக்காவும் உட்கார்ந்து பிசைந்தாள். வெண்டை போனது போனதுதான். கத்தரி விதையை மேடம் எடுத்துக்கொண்டார். அடுத்த பட்டத்துக்கு ஆர்டரும் கொடுத்தார். மூத்தார் புரோக்கரைத் திருப்பி அனுப்பினார். ஆக, நான் கேட்டதெல்லாம் எனக்குக் கிடைத்தது.

அடுத்த பட்டத்துக்கு நாற்று விடும் சமயம் அக்கா என் வாசலில் வந்து நின்றாள். அவள் மகளுக்கு இன்னும் இடம் அமையவில்லை. தன் கொல்லையிலும் பாதியை விதைக்கு விடப் போவதாகச் சொல்லி முந்தானையை விரித்தாள். என் நாற்றுக்கென்று எடுத்து வைத்திருந்த விதை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாடி பாக்கற? போடு" என்றாள். "காசு வோணும்னா வாங்கிக்க. பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்து வெச்சது சும்மாதான் கீது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் கூடச் சிரித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்த விதை முழுவதையும் அவள் முந்தானையில் கொட்டினேன்.