ஆர்லீன் அண்ணியின் வேலி

ஆர்லீன் அண்ணி ஆயுசுக்கும் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்ற கோடையில் எங்கள் ஊர் மலைச்சரிவு தீப்பிடித்தது. அங்கே மண்டிக்கிடந்த சேஜ் என்ற குத்துப்புதர் அத்தனையும் சாம்பல். அரசாங்க நிலம்தானே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று நெவாடாவில் எல்லோரையும்போல நானும் சும்மா இருந்தேன். அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. புதர் இல்லாவிட்டால் அதை நம்பியே வாழும் காட்டுப்பறவை சேஜ் கோழி எதன் அடியில் முட்டையிடும், பனிக்காலத்தில் எதைத் தின்னும் என்று கேட்டே என் உயிரை வாங்கினாள். அனுமதி வாங்கி, வருஷா வருஷம் நாற்று நட்டாள்.

நட்டதையெல்லாம் அங்கே மேயப் போன என் மாடுகள் மிதித்தன. அதனால்தான் போன அக்டோபரில் முள்கம்பி வேலி போட்டோம். பக்கத்திலேயே, சேவல்கள் கூடி ஆடிப் பெட்டைகளை அழைக்கும் வெட்டவெளி. அரையிருட்டில் தாழப் பறந்து வரும் கோழிக்குக் கம்பி தெரியாது. வெள்ளை பிளாஸ்டிக் பட்டைகள் மாட்டினால்தான் தெரியும். அவற்றை அண்ணி வெட்டி, மூட்டை கட்டி, வண்டியில் வைத்திருந்தாள்.

"கையோட பட்டையையும் மாட்டிடலாமா அண்ணி?"

"கோழி மார்ச்லதான்டா வரும். இப்ப யாருக்கு மாட்டறது, முயலுக்கா? மண்ணு உறையறதுக்குள்ள மிச்சச் செடிய நட்டுடுவேன்."

நட்டு முடித்ததும் பனி கொட்டத் தொடங்கியது. மார்ச் வந்தும் மலைப்பாதை திறக்கவில்லை. அண்ணி தினமும் என் வாசலில் வந்து நின்றாள்.

"டிராக்டர்ல போலாம்டா."

"நேத்துதான சேத்துல புதைஞ்சு வந்தோம். இன்னைக்கும் புதைஞ்சா உங்கள யாரு தூக்கறது?"

ஏப்ரலில் பாதை திறந்ததும் விடியலிலேயே போனோம். கம்பி நெடுக இறகு. கீழே நரி தின்றது போக மிச்சம், எல்லாம் பெட்டைகள். அடிபட்டுச் சூடு ஆறாமல் கிடந்த ஒன்றை அண்ணி கையில் எடுத்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"முட்டை இருக்குடா."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

வெட்டவெளியில் ஒற்றைச் சேவல் மட்டும் நெஞ்சை உப்பி, வாலை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. பார்க்க ஒரு பெட்டை இல்லை.

அண்ணி மூட்டையை இழுத்து வந்து பட்டை மாட்ட ஆரம்பித்தாள்.

"இனிமே யாருக்கு அண்ணி?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பேசாம மாட்டு."

பெட்டைகளின் அதே பழுப்பு நிறக் கோட்டோடு கம்பியடியில் குந்தியிருந்தாள். அந்தச் சேவல் ஆடிக்கொண்டே கிட்டே வந்தது. அவள் முன்னால் நின்று, நெஞ்சை உப்பி, திரும்பித் திரும்பிக் காட்டியது.

"நான் இல்லடா," என்றாள் அண்ணி. குரல் உடைந்துவிட்டது. "போடா. நான் இல்ல."

அது போகவில்லை. வெயில் ஏறும்வரை அவளுக்காக ஆடியது.