கேமராவின் குறுக்கே நின்ற கைடு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயிலுக்குச் சுற்றுப்பயணிகளை அழைத்துப் போயிருந்தேன். சன்னதி முன்னால் ஒரு பெண் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். என் குழுவில் ஒருவர் கேமராவைத் தூக்கினார். நான் குறுக்கே போய் நின்று, வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று மாலையே கம்பெனிக்குப் புகார் போனது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"கெஸ்ட் ஆசைப்பட்டு வர்றாங்க. கதை சொல்றதுதான் உங்க வேலை. கோயில் வாசல்ல காவல் நின்னு ஜாகா வேலை பாக்கவா உங்கள வச்சிருக்கோம்?"

"அந்தம்மா வீட்டுல என்ன நடந்துச்சோ, பாஸ். அதைப் போய் எப்படிப் படம் புடிக்க விடுறது?"

"ரொம்ப ஃபீல் பண்ணாதீங்க லா" என்றவர், என்னை ஏர்போர்ட் வேலைக்கு மாற்றிவிட்டார். பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். பல வருட அனுபவம் உள்ள எனக்கு அது அவமானமாக இருந்தது. கைடு வேலை என்றால் உண்மையில் என்ன என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

அதையே ஆய்வுத் தலைப்பாக எழுதி, மாஸ்டர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்தேன்; இடமும் கிடைத்தது. காப்பாரில் எங்கள் வீடு. என் கணவர் லோரி ஓட்டுகிறார். "நீ படி. சமையல நான் பாத்துக்கறேன்" என்றார். பாதி நாள் சோறும் மிளகாய்ச் சம்பாலும்தான், ஆனாலும் சொன்னதைச் செய்தார்.

கிள்ளான், ஜெஞ்சாரோம் பக்கமெல்லாம் போய் மலாய், சீன, தமிழ் கைடுகளோடு பேசினேன். கம்பம் என்று நாங்கள் சொல்லும் மீனவர் கிராமத்துக்கு ஆட்களை அழைத்துப் போகும் ஒரு மலாய்க்காரர், அங்கிருப்பவர்களிடம் கேட்காமல் பஸ்ஸை உள்ளே விடுவதே இல்லை என்றார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நான் படித்த பாடப்புத்தகங்களிலும் அது இல்லை.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் நேராகவே கேட்டார். "நீங்களே கைடு. கைடுங்களுக்குச் சாதகமா எழுதியிருக்கீங்கன்னு நான் சொன்னா?"

"இல்ல சார். படம் எடுக்க விட்ட கைடுங்களைப் பத்தியும் எழுதியிருக்கேன். மனசில்லாமதான் விட்டாங்க. புகார் போனா வேலை போயிடும்னு பயம். அந்தப் பயத்தையும் சேத்துத்தான் ஆராய்ஞ்சேன்."

அவர் அந்த அத்தியாயத்தைத் திருப்பி வாசித்தார். பிறகு, "இதை நீங்க கட்டுரையா வெளியிடணும்" என்றார்.

அந்த ஆண்டு துறையின் சிறந்த ஆய்வு விருது எனக்குக் கிடைத்தது. விழாவுக்கு என்னோடு வேலை பார்க்கும் கைடுகள் கழுத்தில் லைசென்ஸ் அட்டையோடு வந்து கடைசி வரிசையை நிரப்பினார்கள். பேராசிரியர்கள் எழுந்து கைதட்டியபோது என் தோழி லெட்சுமி, "அக்கா, இது நமக்குத்தான்!" என்று அங்கிருந்தே கத்தினாள். மேடையில் நின்ற எனக்குக் கண் கலங்கியது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நம் வேலையில் யாரும் எழுதி வைக்காத பகுதி ஒன்று இருக்கும். அதை நாமே எழுத வேண்டும். எழுதாதவரை, மற்றவர்கள் அதற்கு வைக்கும் பெயர் பிடிவாதம்தான்.