சென்காவின் நான்காம் அத்தியாயம்

எங்கள் நீர்ப்பொறியியல் துறையில் முனைவர் பட்டத் தேர்வில் யாரும் தோற்றதில்லை. தோற்க முடியாது, ஏனென்றால் மாணவர் வீட்டு விருந்து முன்கூட்டியே தயாராகிவிடும். முட்டைக்கோஸ் இலையில் கறி பொதிந்த சர்மா, உப்பிட்ட பன்றித் தொடை, பிளம் சாராயம் எல்லாம் பக்கத்து அறை மேசையில் காத்திருக்கும். தீர்ப்பை வாசித்த பிறகுதான் யாரும் கை வைக்கலாம். பசித்த பேராசிரியர்கள் நெடுநேரம் விவாதிப்பதில்லை. இதையும் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம், வெட்கக்கேடு!

சென்கா என் பக்கத்து மேசைக்காரி. திசா ஆற்றின் வெள்ளத்தடுப்புக் கரைகளை ஆராய்ந்தாள். எந்தக் கரை எப்போது கசியும் என்று கணிக்கும் கணினி நிரல் ஒன்று எங்களிடம் இருந்தது. அது துறைத்தலைவர் ரதிவோயின் செல்லப்பிள்ளை. அதைச் சரிபார்க்கப் போனவள், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வசந்தகாலம் முழுக்கச் சேற்றில் நின்று அளந்தாள். நிரல் சொன்னதைவிட வெகு சீக்கிரமே கரை கசிந்தது. அதைத்தான் நான்காம் அத்தியாயத்தில் எழுதினாள்.

ரதிவோய் அதை நீக்கச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் ‘எதிர்கால ஆய்வு’ என்று ஒரு வரி போட்டால் போதுமாம். கெட்டவர் இல்லை, பயந்தவர். சென்கா மசியவில்லை. என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாள். அறிவியல் ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம், பொறியியலுக்கு அந்த வசதி கிடையாது, கரைக்கு அந்தப் பக்கம் ஆள் படுத்திருக்கிறான் என்றாள். திரையில் தெரியும் வண்ணப்படத்தைத் தொழில்நுட்பம் என்று நம்புகிறவன் அங்கே போய்க் குடியிருந்து காட்டட்டும் என்றாள். முதலில் பட்டத்தை வாங்கு, பிறகு கத்து என்றேன் நான்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ அப்படித்தான் வாங்கப்போற, இல்ல?”

எனக்குச் சுருக்கென்றது.

தேர்வன்று கேள்விகள் முடிந்ததும் ரதிவோய் கண்ணாடியைக் கழற்றினார். “பாரும்மா, நாலாவது அத்தியாயத்த மட்டும் எடுத்துடு. உங்கம்மா ஊர்லேருந்து சமைச்சுக் கொண்டுவந்திருக்காங்க. எல்லாரும் சாப்பிடப் போயிடலாம்.”

“உங்க எதிர்கால ஆய்வப் படிச்சுட்டா சார் வெள்ளம் வரும்?”

தேர்வுக் குழு கதவைச் சாத்திக்கொண்டு பேச உட்கார்ந்தது. சென்கா நேராகப் பக்கத்து அறைக்குப் போய், வந்திருந்த எல்லாருக்கும் பரிமாறும்படி அம்மாவிடம் சொன்னாள். அம்மா லியுபிங்கா சட்டி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் முடிவு சொல்லலையேடி.”

“சொல்றதச் சொல்லட்டும்மா. இது நான் உழைச்சதுக்குப் போடுற சாப்பாடு. அவங்க குடுக்குற பட்டத்துக்கு இல்ல.”

அம்மா மேசையில் தட்டுகளை அடுக்கினாள். பிறகு சட்டியின் மூடியைத் திறந்து முதல் தட்டை என் கையில் கொடுத்தாள். முதலில் பட்டத்தை வாங்கச் சொன்ன நான் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டேன்.

குழு வெளியே வந்தபோது சட்டி காலி. அந்த அத்தியாயம் இருக்கும்வரை பட்டம் இல்லை, திருத்திக் கொடுக்க ஆறு மாத அவகாசம் என்று ரதிவோய் தரையைப் பார்த்து வாசித்தார்.

“ஆறு மாசமா?” என்றாள் சென்கா. “நல்லதாப் போச்சு சார். இலையுதிர்கால மழையையும் அளந்து நாலாவது அத்தியாயத்துலயே சேர்த்துடறேன்.”