மிளகாய் விரல் பட்ட சீடி

சீடியை உள்ளே தள்ளியதும் அந்தப் பெட்டி முதலில் ஒருமுறை தொண்டையைச் செருமும். பிறகு தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்ப, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும், காலையில் பெரியம்மா திரையின் நெற்றியில் வைத்த சந்தனத்தின் வாசனையும் கலந்து, குளிரூட்டிய அந்தச் சின்ன அறை முழுக்க நிரம்பும். இத்தனை வருடம் கழித்தும் எங்காவது புது மின்சாதனப் பெட்டியைப் பிரிக்கும்போது மூக்கு என்னைக் கேட்காமலே சந்தனத்தைத் தேடுகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோயமுத்தூர் கணபதியில் பெரியப்பா தண்ணீர்ப் பம்புக்கு வார்ப்படம் செய்கிற பட்டறை வைத்திருந்தார். பட்டறைத் தூசியில் கெட்டுவிடும் என்று கம்ப்யூட்டரை மட்டும் வீட்டின் முன்னறையில் வைத்தார்கள். அந்த வீட்டில் ஏசி இருந்த ஒரே அறை அதுதான். சித்திரை வெயிலில் நாங்கள் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே வெந்துகொண்டிருக்க, கம்ப்யூட்டர் மட்டும் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கும். "அது ஒறம்பரை மாதிரி, கண்ணு. நாமதான் பாத்து நடந்துக்கணும்" என்பார் பெரியம்மா. ஒறம்பரை என்றால் விருந்தாளி. செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஆறாம் வகுப்பு முடித்து, முழுப்பரீட்சை லீவுக்குத் தாராபுரத்திலிருந்து நான் அங்கே போயிருந்தேன். எனக்கு வயது பதினொன்று, பெரியம்மா மகன் பிரபு அண்ணனுக்குப் பதினான்கு. ஆர்டர் பிடிக்கப் பெரியப்பா வடக்கே போயிருந்தார், திரும்பி வர மூன்று வாரம் ஆகும். முன்னறைச் சாவி பிரபு அண்ணன் கைக்கு வந்தது. "கம்ப்யூட்டர் கிளாசுக்குப் பழகறேன்" என்று சொன்னான், பெரியம்மாவும் நம்பிவிட்டார்.

அவன் பழகியது வேறு. காகித உறைக்குள்ளிருந்து வெள்ளியாக மின்னும் ஒரு சீடியை எடுத்தான். இருட்டான நடைபாதைகள், சுவரில் பந்தம், திரைக்குக் கீழே ஒரு துப்பாக்கியின் முனை. கதவுக்குப் பின்னால் சிவப்புக் கண்ணோடு எதுவோ நின்றிருக்கும், சுட்டால் ரத்தம் தெறித்துச் சுவரில் வழியும். அதுவரை நான் ஆடியதெல்லாம் டிவியில் செருகி ஆடுகிற, காளானும் வாத்தும் வருகிற விளையாட்டுகள்தான். முதல் நாள் பயத்தில் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அறையை விட்டு மட்டும் போகவில்லை.

விளையாட்டுக்கு முன்னால் கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரும். இது பெரியவர்களுக்கானது, உங்களுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்கும். ஆம் என்றால் 'ஒய்' எழுத்தை அமுக்க வேண்டும். பிரபு அண்ணன் அதைக்கூட என் தலையில் கட்டினான். அந்த விளையாட்டில் துப்பாக்கி அவனுக்கு, ஸ்பேஸ் பாரைத் தட்டிக் கதவு திறக்கிற வேலை எனக்கு என்று பங்கு பிரித்திருந்தான். "கதவு திறக்கறது உன் வேலைதானே? இதும் ஒரு கதவுதான், அமுக்கு" என்றான். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று தினம் சொல்லிச் சோறு போடுகிற பெரியம்மா பக்கத்து அறையில் இருக்க, தினமும் நான் பதினெட்டு வயதானேன். விரல்தானே சொன்னது, வாய் சொல்லவில்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தக் கதவுகள் என்னை ஆட்டி வைத்தன. குளியலறைக் கதவைத் திறக்கும்போது ஒருபக்கமாக ஒதுங்கி நின்று தள்ளுவேன். "பொடக்காளி" என்று நாங்கள் சொல்லும் கொல்லைப்புறத்துக்குப் போக வேண்டுமென்றால், கதவைத் திறந்து மூன்று எண்ணிவிட்டுத்தான் எட்டிப் பார்ப்பேன். "ஏன் கண்ணு, கதவுக்குப் பின்னால புலியா நிக்குது?" என்று பெரியம்மா கேட்பார். புலி நின்றால் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இருந்தாலும் எனக்குத் துப்பாக்கி வேண்டும். ஐந்தாம் கட்டம் தாண்டியதும் தருவதாகச் சொன்னான், தாண்டினோம். அடுத்த கட்டத்தில் என்றான், அதையும் தாண்டினோம். அன்றைக்குப் பார்த்து அவன் பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன் வந்தான். என்னை எழுப்பிவிட்டு அவனை உட்கார வைத்து, "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா துப்பாக்கி, இவ கதவு தொறக்கத்தான் லாயக்கு" என்று சிரித்தான். இரண்டு வாரம் அத்தனை கதவையும் திறந்தவள் நான். எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் காலை, அவன் பல் விளக்கப் போன நேரம், சீடியை எடுத்துப்போய் என் துணிப்பையில் இருந்த சென்னிமலைப் போர்வையின் மடிப்புக்குள் வைத்துவிட்டேன்.

அவன் வீட்டைப் புரட்டிப் போட்டான். "என்னடா தேடறே?" என்று பெரியம்மா கேட்டபோது அவன் ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால், யாரும் சந்தேகப்படக்கூடாது என்று அந்தச் சீடியின் மேல் 'பம்ப் டிராயிங்' என்று அவனே பெரிய ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தான். எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிக்கிற பெரியம்மா அதை ஒருநாள் பார்த்தும் இருந்தார். அந்தப் பயத்தில், "அப்பாவோட டிராயிங் சீடிய காணோம்மா" என்று உளறிவிட்டான். பெரியம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். போட்டிப் பட்டறைக்காரன் கையில் டிராயிங் போனால் தொழிலே போச்சு என்று பெரியப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த பயம் அது.

அன்று காலை வீட்டுக்கு வந்துபோன வெளியாள் ஒருவர்தான். காந்திபுரத்தில் ஒரு கடையிலிருந்து மொபெட்டில் வந்து கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டுகிற சர்வீஸ்காரர் சிவராஜ். முப்பது வயதிருக்கும், சட்டைப்பையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர். பெரியம்மா அவரை வரவழைத்து, உட்கார வைத்து, மோர் கொடுத்து, அப்புறம்தான் கேட்டார். "நீங்க எடுத்தீங்கன்னு நான் சொல்லலைங்க தம்பி. ஆனா நீங்க போனதுக்கப்புறந்தான் காணோமுங்க."

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. திருடன் என்பதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். நேராகத் திட்டியிருந்தால் அவரும் கத்தியிருக்கலாம். அவர் மோரைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார். "ஊடு ஊடா நம்பித்தானுங்க உள்ள உடறாங்க. இந்தப் பேரு வந்துட்டா எனக்கு இந்தத் தொழிலே கெடையாதுங்க" என்றார். பிறகு நிமிர்ந்து, "ஆனமலைக்கே போலாமுங்க. மாசாணியம்மனுக்கு நானே மொளகா அரைக்கறனுங்க. எடுத்தது நானா இருந்தா எனக்கே எரியட்டுமுங்க" என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பொருள் களவு போனவர்களும் அநியாயம் நேர்ந்தவர்களும் ஆனைமலைக்குப் போய், கோயில் கல்லில் மிளகாய் அரைத்து அங்கிருக்கும் நீதிக்கல்லில் பூசிவிட்டு வருவார்கள். தப்புச் செய்தவருக்கு உடம்பெல்லாம் காந்தும் என்பது நம்பிக்கை. நான் கேள்விப்பட்ட கதைகளில் யாரும் தப்பித்ததே கிடையாது.

வெள்ளிக்கிழமை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். பெரியம்மா, பிரபு அண்ணன், நான், நான்கு சீட் தள்ளி சிவராஜ். கூட்டம் ஏறியதும் அவர் எழுந்து ஒரு கிழவருக்கு இடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். பிரபு அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் பயம் பொய்க்கு, என் பயம் திருட்டுக்கு. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. என் பாவாடை இடுப்பில், சட்டைக்குள், அந்தச் சீடி வயிற்றை அறுத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு பெரிய திட்டம் வைத்திருந்தேன். கோயில் உண்டியலில் அதைப் போட்டுவிட்டால் பொருள் அம்மனுடையதாகிவிடும், அம்மன் தன் பொருளுக்காக யாரை எரிக்கப் போகிறாள்?

கோயிலில் சிவராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கல்லின் முன் உட்கார்ந்தார். காய்ந்த மிளகாயைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்க, நெடி ஏறிச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் இருமினார்கள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் முடியாது. விழுதை இலையில் வழித்துப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டுக் குழாயைத் தேடிப் போனார். பெரியம்மா வரிசையில் நின்றார். நான் உண்டியலுக்கு ஓடினேன்.

உண்டியலின் வாய் மடித்த ரூபாய் நோட்டு போகிற அளவுக்குத்தான் இருந்தது. சீடி கால்வாசி உள்ளே போய் மாட்டிக்கொண்டது, உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு நான் இழுத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சிவந்த ஒரு கை நீண்டு, மெல்ல அசைத்து அதை உருவியது.

சிவராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் கழுவாத அவர் கையின் விரல்களில் மூன்று வெள்ளியில் சிவப்பாகப் பதிந்துவிட்டன. "இது நான் போட்டுக் குடுத்த கேம் சீடியாச்சேங்க அம்மணி" என்றார் அடிக்குரலில். என்னைத் திட்டவில்லை. "நான் கொண்டுபோய்க் குடுத்தா, பயந்துட்டுக் குடுத்தேன்னு ஆயிருமுங்க. நீங்க குடுத்தாத்தான் எம் பேரு நிக்கும். பூசறதுக்குள்ள போங்க கண்ணு."

வரிசையில் பெரியம்மாவுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் பாக்கி. அதுவரை நான் திறந்த எந்தக் கதவுக்கும் அவ்வளவு பயந்ததில்லை. சீடியை நீட்டி, "எடுத்தது நாந்தானுங்க பெரிம்மா" என்றேன். பின்னாலேயே வந்த பிரபு அண்ணன் ஓவென்று அழுது, அது டிராயிங்கே இல்லை என்பதையும் கொட்டிவிட்டான்.

பெரியம்மா கையில் மிளகாய் இலையோடு அப்படியே நின்றார். முதலில் அவருக்கு அந்த விழுதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்து நின்ற அம்மாளிடம் "உங்களுக்கு ஆகுமுங்களா?" என்று நீட்டினார். அந்த அம்மாள் பதறி, "ஒருத்தருக்கு அரைச்சது இன்னொருத்தருக்கு ஆகாதுங்க" என்றார். இலையை மடித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்த பெரியம்மா, விளக்குக்கு என்று கொண்டுவந்திருந்த நல்லெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தார். சிவராஜின் காந்துகிற கைகளை நீட்டச் சொல்லி, முழுப் பாட்டிலையும் தானே ஊற்றித் தேய்த்துவிட்டார். "பெத்த புள்ளைகள உட்டுப்போட்டு உங்களச் சந்தேகப்பட்டனுங்க தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க" என்று அழுதார். சிவராஜும் அழுதார். "பசங்களுக்கு ஆகாத சீடியப் போட்டுக் குடுத்தது நாந்தானுங்கம்மா, எரிஞ்சதும் நாயந்தானுங்க" என்றார்.

வீடு திரும்பியதும் பிரபு அண்ணன் முதுகில் இரண்டு விழுந்தன. எனக்கு ஒன்றும் விழவில்லை, அதுதான் வலித்தது. பிறகு பெரியம்மா கை கால் கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்து, "அப்பிடி என்னதான் இருக்குது? போடு, பாப்போம்" என்றார். கறுப்புத் திரையில் கேள்வி வந்தது. வழக்கம்போல நீண்ட என் விரலைத் தட்டிவிட்டு, எழுத்துக்கூட்டிப் படித்து, "இது என்னையத்தான் கேக்குது" என்று அவரே ஒய்யை அமுக்கினார். துப்பாக்கியை என்னிடம் கொடுக்கச் சொன்னார், கதவு திறக்கிற வேலை பிரபு அண்ணனுக்கு. "அய்யோ, ரத்தம்! யாருங்க இவிய? எதுக்கு இத்தன பேரச் சுடறாங்க?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டவர், கொஞ்ச நேரத்தில், "அம்மணி, அக்கட்டால ஒருத்தர் வர்றாரு பாரு, சுடு சுடு!" என்றார்.

அரைமணி நேரம் ஆனதும் சீடியை வெளியே எடுக்க வைத்து, மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "பதினெட்டு ஆனதும் வந்து வாங்கிக்கோங்க." பெரியப்பாவுக்கு எதுவும் தெரியாது. சிவராஜ் அதன்பிறகும் வருடக்கணக்கில் வந்துபோனார், வரும்போதெல்லாம் பெரியம்மா சாப்பிட வைக்காமல் அனுப்பியதில்லை.

பதினெட்டு வந்தபோது எனக்கு நினைவே இல்லை. சென்ற மாதம் கணபதிக்குப் போயிருந்தேன். பெரியப்பா இல்லை, பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது, சிவராஜின் கடை இருந்த வரிசையில் செல்போன் உறை விற்கிறார்கள். முன்னறையில் கட்டில் போட்டு, அந்த ஏசியில் பெரியம்மா படுத்திருந்தார். வந்தவர் யார் என்பது அவருக்குச் சில நாள் பிடிபடும், சில நாள் பிடிபடாது. என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, பிரபு அண்ணனைக் கூப்பிட்டுச் சாமி அலமாரியைத் திறக்கச் சொன்னார். மஞ்சள் துணி வெளுத்திருந்தது. வெள்ளி மங்கிய சீடியில் மூன்று விரல் தடங்களும் துருநிறமாக அப்படியே இருந்தன. அதைப் போட்டுப் பார்க்க எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் ஒரு பெட்டிகூடக் கிடையாது.

கொடுப்பதற்கு முன் பெரியம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கண்டிப்பாகக் கேட்டார்.

"பதினெட்டு ஆயிருச்சா, கண்ணு?"

வீட்டில் எனக்குப் பன்னிரண்டு வயதில் மகள் இருக்கிறாள். அந்தக் கேள்விக்கு அன்றுதான் முதல்முறையாக வாயைத் திறந்து பதில் சொன்னேன்.

"ஆயிருச்சுங்க பெரிம்மா."