சண்டை கொடுக்காதவர்கள்

என் மச்சானோடு நான் எத்தனை முறை குத்துச்சண்டை போட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. எங்களோடு சண்டை போட வேறு யாரும் வராததால், நாங்களே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டோம்.

தொண்ணூறுகளின் நடுவில் இருவரும் பசுமலையில் ஒரு பழைய பேப்பர் கடையில் மூட்டை தூக்கினோம். அவன் என் மாமா மகன், என் வயதுக்காரன். வேலை முடிந்ததும் திருப்பரங்குன்றத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குப் பயிற்சிக்குப் போவோம். அங்கே கிளவுஸ் எல்லாருக்கும் பொது. ஒருவன் கழற்றினால், அவன் வியர்வை காய்வதற்குள் அடுத்தவன் கையை நுழைப்பான். நாங்கள் எந்தத் தெரு என்று தெரிந்த பிறகு, மற்றவர்கள் வீட்டிலிருந்து சொந்த கிளவுஸ் கொண்டுவரத் தொடங்கினார்கள். எங்களோடு மோதச் சொன்னால் கை வலிக்கிறது என்பார்கள்.

போட்டிகளிலும் அதே கதைதான். மச்சான் ரிங்கில் ஏறி நிற்பான், எதிராளி வரமாட்டான். நடுவர் மச்சானின் கையைத் தூக்கிவிட்டு இறங்கச் சொல்வார்.

"சும்மா நின்னு கையத் தூக்கிட்டு வாரதுக்கா இம்புட்டு ஓடுனேன்?" என்பான்.

ஒருநாள் கடைக்கு வந்த பேப்பர்க் கட்டு ஒன்றில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. அதில் ஒரு கறுப்பின வீரரின் படம். மச்சான் எழுத்துக்கூட்டிப் பார்த்தான். புரியாததைக் கடைக்கு வந்த கல்லூரி மாணவர் ஒருவரிடம் கேட்டான். அந்தக் காலத்து அமெரிக்காவில் வெள்ளைக்கார சாம்பியன்கள் பலர், கறுப்பின வீரர்களுக்குப் பட்டத்துக்கான சண்டையையே கொடுக்கவில்லையாம். அதனால் திறமையான கறுப்பின வீரர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதியிருக்கிறார்கள். படத்தில் இருந்தவர் மட்டும் சாம்பியனை நாடு நாடாகத் துரத்தி, ஆஸ்திரேலியாவில் பிடித்து ஜெயித்திருக்கிறார். சாம்பியன் சரியும் நேரத்தில் போலீஸ் சண்டையை நிறுத்த, படம் பிடித்தவர்களும் கேமராவை நிறுத்திவிட்டார்களாம்.

மச்சான் அந்தப் படத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

"நம்மள மாதிரியே அடிச்சிக்கிட்டு இருந்திருக்காங்க மாப்ள. ஆனா இவரு வெரட்டிப் போயிருக்காரு பாரு."

"நீயும் கப்பல் ஏறப் போறியாக்கும்?"

"எழுமலை பஸ்ஸு போதும்டா."

எழுமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் மாவட்டத்திலேயே பெரிய வீரன் ஒருவன் இருந்தான். போட்டிகளில் மச்சானோடு மோத அவன் பெயர் விழுந்தபோதெல்லாம் காய்ச்சல் என்று ஒதுங்கியவன். அந்த ஊர்த் திருவிழாவில் அவனை ரிங்கில் நிறுத்தி, "மோத யாரு வாரீக?" என்று மைக்கில் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு ஏறியவனை மறுத்தால் ஊருக்கே அவமானம். மச்சான் அதை நம்பித்தான் போனான்.

வெயில் தாழ்ந்த நேரம். அழைப்பு வந்ததும் கயிற்றுக்குள் நுழைந்தான்.

"யாருப்பா ஏறுனது? எந்த ஊரு? யாரு மகன்?"

மச்சான் ஊரையும் தெருவையும் அப்பா பெயரையும் உரக்கச் சொன்னான். மைக் அடங்கிவிட்டது.

"எறங்குப்பா, பெறகு பாப்போம்" என்றார் ஒரு பெரியவர்.

"கூப்புட்டது நீங்கதான பெரியப்பா, வந்துட்டான்ல!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, சிரிப்பு எழுந்தது.

அந்த வீரன் பெரியவர்கள் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு கிளவுஸ் மாட்டிய இரண்டு கைகளையும் மச்சான் முன் நீட்டினான். மச்சான் தன் கிளவுஸால் தொட்டான்; சண்டை உறுதியானது.

முதல் ரவுண்டிலேயே மச்சானின் உதடு கிழிந்தது. மூலைக்கு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

"வலிக்குதா?"

"புதுசா இருக்குடா மாப்ள. ஒன் அடி எல்லாம் எனக்கு மனப்பாடமாயிருச்சுல்ல."

கடைசி ரவுண்டில் மச்சானின் வலது கை அந்த வீரனின் விலாவில் இறங்கியது. அவன் ஒரு முழங்காலை ஊன்றினான். உடனே மணி அடித்துவிட்டார்கள்.

நேரம் முடியவில்லை. கடிகாரம் பார்க்காமலே எனக்குத் தெரியும். ஒரு ரவுண்டின் நீளம் எங்கள் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. பஸ்ஸில் நிறுத்தம் வந்தால்கூட இறங்கணும் என்று சொல்லக் கூச்சப்படுகிறவன் நான். அன்று அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் கத்தினேன்:

"இன்னும் நேரம் இருக்கு! மணி அடிக்காதீங்க!"

என் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. அதற்குள் அந்த வீரன் எழுந்துவிட்டான்.

"அவரு சொல்றது சரிதான் சித்தப்பா. நாங்க இன்னும் முடிக்கல" என்றான். பிறகு மச்சானைப் பார்த்து, "வா மாப்ள" என்றான்.

எங்கள் தெருக்காரனை அந்த ஊர்க்காரன் ஒருவன் உறவு சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு முன்வரிசை விறைத்துப் போனது. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். இருவரும் மிச்ச நேரத்தையும் ஆடி முடித்தார்கள். நிஜமான மணி அடித்தபோது நானும் மூச்சு விட்டேன்.

யார் ஜெயித்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டார்கள். மறுநாள் எங்கள் தெருவில் எல்லாரும் சூழ்ந்துகொண்டு, "ஜெயிச்சியாடா?" என்று கேட்டார்கள். வீங்கிய உதட்டோடு மச்சான் சொன்னான்:

"சண்ட குடுத்தான்."

தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனோம்.