சுவருக்குப் பாடிய சங்கீதம்

என் அக்காள் புருஷன் தவசிமுத்துவுக்குப் பைபிளில் இருக்கிற சங்கீதங்கள் நூற்றைம்பதும் வீட்டு மருந்துப்பெட்டி மாதிரி. வியாதிக்குத் தக்க மாத்திரை எடுப்பார். காம்பவுண்டுக்குத் தண்ணீர் லாரி வராவிட்டால் மான் தண்ணீருக்குத் தவிக்கிற சங்கீதம். கல்யாண வீட்டுக்குக் கிளம்பினால் பந்தி ஆயத்தமாகிற சங்கீதம். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தால் கர்த்தர் தூக்கம் தருகிற சங்கீதம். அதைப் பாதி பாடும்போதே குறட்டை வந்துவிடும். ராகமெல்லாம் அவரே போடுவது. ஆலயப் பாடகர் குழுவில் அவரைச் சேர்க்காததற்கு அந்த ராகங்கள்தான் காரணம் என்று நான் சொன்னால் என் அக்காளுக்குக் கோபம் வரும். வரட்டும், உண்மை உண்மைதானே.

சாத்தான்குளத்துப் பக்கமிருந்து இருபத்திரண்டு வருஷம் முன்னால் திருப்பூர் வந்தவர். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஆள் பரம சாது. ஆனால் அவருடைய மிஷினை யாராவது தொட்டால் வேறு மனிதராகிவிடுவார். எட்டு வருஷமாக ஃபேனுக்கு நேர் கீழே இருந்த மிஷின் அது. போன சித்திரையில் லைன் சூப்பர்வைசர் வேலுமணி அதைப் புதிதாக வந்த நித்தீஷுக்குக் கொடுத்துவிட்டு, அத்தானை அயர்ன் டேபிள் பக்கம், நீராவி வெக்கையில் உட்கார வைத்துவிட்டார். “ஒண்ணும் நெனச்சுக்காதீங்கண்ணா” என்றாராம். அத்தான் நினைத்துக்கொண்டார்.

வேலுமணி குன்னத்தூர்க்காரர், நல்ல முருக பக்தர். கொடுமை என்னவென்றால், நாங்கள் குடியிருக்கிற லைன் வீட்டில் அத்தானுக்கு அடுத்த வீடே அவருடையதுதான். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ‘நூறு’ என்பார்கள்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் குடும்ப ஜெபத்தில் அத்தான் நூற்று ஒன்பதாம் சங்கீதத்தை எடுத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது சாபச் சங்கீதம். எதிரியின் நாட்கள் குறையட்டும், அவன் உத்தியோகம் வேறொருவனுக்குப் போகட்டும் என்று வரிசையாகப் போகும். அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு துள்ளல் ராகம் போட்டு, உத்தியோகம் வருகிற இடத்தை மூன்று தடவை பாடினார்.

“பிள்ளைக இருக்க வீட்டுல ஏன் இந்தப் பாட்டு?” என்றாள் அக்காள்.

“வேதத்துல இருக்குல்லா. நானா எழுதுனேன்?”

எதிரியின் பெண்டாட்டி பிள்ளைகளைச் சபிக்கிற வரிகளை மட்டும் விட்டுவிடுவார். வேலுமணியின் மனைவி மருதம்மாள் தங்கமான பெண், நேற்றுகூடத் தேங்காய்ச் சட்னி கொடுத்துவிட்டாள் என்பது அவர் நியாயம்.

பத்து நாள் கழித்து இன்னொரு கூத்து. பாட்டு ஏறுகிற இடத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தாளம் கேட்டது. வேலுமணி டம்ளரைத் தட்டுகிறார், ஒரு இடத்திலும் பிசகாமல். “திட்டுறது தெரியாம தாளம் போடுதான் பாரு மாப்ள” என்று அத்தான் குமுறினார். ஆறு மணிக்கு வேலுமணியின் முருகன் பாட்டு தொடங்கும். இரண்டும் முடிந்த பிறகுதான் காம்பவுண்டில் மற்றவர்கள் பல் துலக்கப் போவார்கள். ஆறு மாசம் இப்படியே ஓடியது.

ஐப்பசி மழையில் வேலுமணிக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் தட்டணு தினமும் குறைகிறது என்று மருதம்மாள் அழுதபடி சொன்னாள். நாட்கள் குறையட்டும் என்று பாடிய மனிதருக்குக் கை கால் ஓடவில்லை. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, வேலுமணி வரும்வரை லைனை நீங்களே பாருங்கள் என்று அத்தானிடம் சொல்லிவிட்டார். உத்தியோகமும் வேறொருவனுக்குப் போயாயிற்று.

“மாப்ள, நான் பாடியே ஒரு மனுசன கொன்னுருவேன் போலிருக்கே” என்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

எங்கள் ஊர்ப் பக்கம் போதகரை ஐயர் என்போம். வண்டியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனோம்.

“ஐயா, பாடின சங்கீதத்த ஆல்டருக்கு எடுக்க முடியுமா?” என்று கேட்டார் அத்தான். தையல் பிசகிய பனியனைப் பிரித்துத் தைக்கத் திருப்பி அனுப்புவதுதான் ஆல்டர். ஐயர் வருஷக்கணக்காக டெய்லர்களுக்குப் பிரசங்கம் செய்கிறவர், விளக்கம் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் முழுசாகக் கேட்டார்.

“சங்கீதக்காரன் தன் ஆத்திரத்த ஆண்டவர் முன்னால கொட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். நீ ஆண்டவர்கிட்ட பாடினியா, சுவத்துக்குப் பாடினியா?”

அத்தான் தரையைப் பார்த்தார். “சுவத்துக்குத்தான்யா.”

“அப்ப சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்க ஆளப் போய்ப் பாரு.”

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வேலுமணி கையில் ட்ரிப்ஸோடு வாடிக் கிடந்தார். பக்கத்தில் மருதம்மாள் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கண்ணா. நாலு நாளா உங்க பாட்டுக் கேக்காம எனக்குப் பொழுதே விடியறதில்லீங்க. ஒருக்கா பாடுங்களேன்” என்றார் வேலுமணி.

அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். “வேலுமணி, நீங்க கேட்ட அந்தப் பாட்டு… ஒங்களுக்குக் கேடு வரணும்னுதான் பாடினேன். என்னைய மன்னிச்சிருங்க.”

“தெரியுமுங்க” என்றார் வேலுமணி. “தமிழ்லதானுங்களே பாடறீங்க.”

“தெரிஞ்சுமா தாளம் போட்டீங்க?”

“ராகம் நல்லா இருந்துச்சுங்க. அதுமில்லாம நானும் ஒண்ணும் யோக்கியம் இல்லீங்க. எங்க முருகன் பாட்டுலயும் எதிரிய ஒழிச்சுக்கட்டுன்னு வருமுங்க. மிசினு மாத்துனதுல இருந்து நீங்க என்னைய மொறைச்சுட்டே திரிஞ்சீங்களா, அந்த எடம் வந்தா உங்களத்தானுங்க நெனச்சுக்குவேன். உங்களுக்கு ஒரு சளிகூடப் புடிக்கல. படுத்தது நானு.”

மருதம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். அத்தானும் சிரிக்கத்தான் தொடங்கினார், ஆனால் அது அழுகையாகத் திரும்பிவிட்டது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வியாதிக்காரரைக் காக்கச் சொல்லுகிற ஒரு சங்கீதத்தை அதே துள்ளல் ராகத்தில் எடுத்தார். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை.

“வேலுமணி, நீங்க செத்துகித்துப் போயிராதீங்க. எனக்கு அந்த லைனும் வேண்டாம், அந்த உத்தியோகமும் வேண்டாம்.”

“அத எங்கிட்டச் சொல்லி என்னுங்கண்ணா ஆகறது? உங்க சாமிகிட்டச் சொல்லுங்க.”

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, அந்த வார்த்தைகளையே ராகம் போட்டு ஆண்டவரிடம் பாடினார். எந்தச் சங்கீதத்திலும் இல்லாத வரி. குரல் பத்து இடத்தில் உடைந்தது. அவருடைய பாட்டுக்கு முதல் தடவையாக ஆமென் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள், ஆறு மாசம் சுவர் வழியாகக் கேட்ட பழக்கத்தில், மருதம்மாள் சத்தமாகச் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் வேலுமணி அதைச் சொல்லித்தான் அவளைக் கிண்டல் பண்ணுகிறார்.